தறிச் சத்தத்தில் ஓடிய உலகப் போர்

உலகப் போரின் முடிவைச் சொல்லிவிட வேண்டாம் என்று ஒருவர் என்னைக் கேட்டுக்கொண்டார். ஆட்டோ ஓட்டுபவர். பிள்ளையார்பாளையத்தில் நான் குடியிருக்கும் தெருவின் முனையில் ஒரு டீக்கடை இருக்கிறது. அங்கே வைத்துக் கேட்டார்.

"சார், நீங்க பேப்பர்ல வேலை பார்த்தவரு. உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கும். சொல்லிடாதீங்க. நாங்க பார்த்துக்கினு இருக்கோம்."

நான் சொல்லவில்லை. தெரிந்த செய்தியை வெளியிடாமல் இருப்பதிலும் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

ஒரு தமிழ்த் தொலைக்காட்சி, இரண்டாம் உலகப் போரைப் பற்றிய வெளிநாட்டு ஆவணத் தொடர் ஒன்றைத் தமிழில் குரல் மாற்றி மாலை நேரத்தில் போட ஆரம்பித்திருந்தது. மறுநாள் காலையில் மறுஒளிபரப்பு. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கணினியில் வண்ணம் ஏற்றியிருந்தார்கள். குரல் கொடுத்தவர் அதற்கு முன்பு காட்டு விலங்குகள் நிகழ்ச்சிக்குக் குரல் கொடுத்தவர். சிங்கம் மானைத் துரத்தும்போது எந்தத் தொனியோ, அதே தொனியில்தான் டாங்கிகள் எல்லையைக் கடந்தன. ஒரு நகரம் எரிந்து முடிவதற்குள் பட்டுப்புடவை விளம்பரம் வந்துவிடும். நகரம் எரிந்ததைவிட அந்த விளம்பரத்தின் மீதுதான் எங்கள் தெருவுக்குக் கோபம் அதிகம்.

"இது காஞ்சிபுரம் பட்டாம்! விசைத்தறில அடிச்சுட்டு வந்து காட்டுறான் பாரு" என்று கடையே கொதிக்கும். அநியாயத்தைப் பொறுத்துக்கொள்ளாத தெரு.

போர் ஏன் வந்தது என்பதை டீக்கடை முதல் வாரத்திலேயே தீர்த்துவிட்டது. முந்தைய போரில் தோற்ற நாட்டை ஜெயித்தவர்கள் அவமானப்படுத்தினார்கள் என்று தொடர் சொன்னது. கோயில் ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

"பரிவட்டம் கட்டல, அவ்ளோதான்" என்றார் டீ மாஸ்டர். "வர வேண்டிய மரியாதை வரலன்னா எவனா இருந்தாலும் வெட்டுவான்."

இந்த ஊரில் சாமி புறப்பாட்டின்போது யார் முன்னால் பாடிக்கொண்டு போவது என்பதற்காகக் கோர்ட்டுக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் கோர்ட்டில் இருக்கிறார்கள். ஐரோப்பாக்காரர்கள் சில வருடங்களிலேயே சண்டையை முடித்துக்கொண்டார்கள் என்று பின்னால் தெரிந்தபோது, அவசரப்பட்டுவிட்டார்கள் என்றுதான் கடை நினைத்தது.

வானத்திலிருந்து வீரர்கள் பாராசூட்டில் இறங்கிய மாலையில், அவர்கள் எங்கே இறங்குகிறார்கள், எதற்கு இறங்குகிறார்கள் என்று யாரும் பார்க்கவில்லை. துணி பட்டா நைலானா என்று வாக்குவாதம். அது முடிவதற்குள் ஒரு நாடு விழுந்துவிட்டது.

தொடரின் நாயகன் யார் என்பதிலும் கடைக்குக் குழப்பம் இல்லை. அவருடைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவருக்குக் கிடைத்த விளம்பரம் போதும். கடையிலும் பெயர் சொல்வதில்லை. 'மீசைக்காரரு' என்பார்கள். அவரை எதிர்த்துப் போரிட்டவர்கள் எல்லாரும் 'அவன்', 'இவன்', 'சுருட்டு புடிக்கிறவன்'. மீசைக்காரர் மட்டும் கடைசிவரை மரியாதையோடு இருந்தார். அவர் கையில் கட்டியிருந்த பட்டையைப் பார்த்ததுமே கடைக்கு அவர் உறவாகிவிட்டார்.

"ஸ்வஸ்திக் போட்டுக்கினு இருக்காரு பாரு. சாமி பக்தி இருக்குது."

பட்டுக்கடைக் கல்லாப்பெட்டிகளின் மேல் குங்குமத்தில் வரைந்திருக்கும் சின்னம் அது. கொஞ்சம் சாய்ந்திருக்கிறதே என்று ஒருவர் சந்தேகம் கேட்டார்.

"அவசரத்துல கட்டியிருப்பாரு."

அணிவகுப்புக் காட்சிகள் வந்தால் டீ ஆறும். "ஒழுங்கு சார்! ஒருத்தன் காலாவது முன்ன பின்ன போவுதா?" என்று ஆட்டோக்காரர் உருகுவார். அவருடைய ஆட்டோ தெருமுனையை அடைத்துக்கொண்டு குறுக்கே நிற்கும். பின்னால் ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும். கடைக்கு வரும் இன்னொருவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், இப்போது வீட்டில் டியூஷன் எடுப்பவர். "நம்ம நாட்டுக்கு இப்படி ஒருத்தர் பத்து வருஷம் வேணும்பா" என்பார். அவருக்கு முன்னால் நின்றிருந்தவர்களைத் தள்ளிவிட்டுத்தான் அந்த டீயை வாங்கியிருப்பார்.

இதெல்லாம் பேச்சு. டீ குடித்த கையோடு கழுவி ஊற்றிவிடக்கூடிய பேச்சு என்றுதான் நானும் நினைத்தேன். நான் குடியிருக்கும் வீட்டில் அது பேச்சாக நிற்கவில்லை.

நான் மாடியில் இருக்கிறேன். கீழே வீட்டுக்காரர் குடும்பம். முப்பத்தைந்து வயதிருக்கும் அவருக்கு, நெசவாளர். பெரிய காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை முதலாளி ஒருவருக்கு நெய்துகொடுக்கிறார். மிகவும் சாது. முதலாளியிடமிருந்து போன் வந்தால் தறிக்குழியிலிருந்து மேலே ஏறி, மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டு, நின்றுகொண்டுதான் பேசுவார். முதலாளிக்கு அது தெரியப்போவதில்லை. இருந்தாலும் இறக்கிவிடுவார்.

அவருடைய தறி இருக்கும் அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அந்த அறையின் அமைப்பால் வந்தது. ஒரு பக்கம், குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்கிற குழித்தறி. அதற்கு நேர் எதிர்ச் சுவரில் டிவி. டிவிக்குப் பக்கத்தில்தான் அந்த அறையின் ஒரே ப்ளக் இருக்கிறது. ஆகையால் தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் நூலைக் குச்சியில் சுற்றுகிற சின்ன மோட்டாரும் அங்கேதான். அவருடைய மனைவி டிவிக்குக் கீழே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நூல் சுற்றுவார். டிவி அவர் தலைக்கு மேலே ஓடும்.

தறியில் இருப்பவருக்குப் படம் நன்றாகத் தெரியும். தறி போடும் சத்தத்தில் ஒரு வார்த்தை கேட்காது. சுவரோரம் இருப்பவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்கும், படம் தெரியாது. கணவர் உலகப் போரைப் பார்த்தார், மனைவி கேட்டார். வீட்டில் ஒரே டிவி, ஒரே தொடர். ஆனால் அவர்கள் இருவரும் ஒரே நிகழ்ச்சிக்கு உட்கார்ந்திருக்கவில்லை.

தண்ணீர் மோட்டாரின் ஸ்விட்சும் அந்த அறையில்தான். அதனால் தினமும் காலையில் நான் கீழே இறங்கிப்போய் நிற்பேன். போகிற நேரம் மறுஒளிபரப்பு நேரம்.

அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை உண்டு, பள்ளிக்குப் போகிறாள். இரண்டாவதாகப் பையன் பிறந்திருந்தான். ஏதேதோ காரணத்தால் நல்ல நாள் தள்ளிப்போய், ஐந்தாம் மாதம் நெருங்கியும் பெயர் வைக்கவில்லை. 'குட்டிப்பையா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நட்சத்திரப் பாதத்தின்படி 'ஹி' என்று தொடங்கும் பெயர்தான் வைக்க வேண்டும் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். தமிழில் தேடினால் கிடைக்கிற எழுத்தா அது? செல்போனில் தேடியபோது வந்ததெல்லாம் வடநாட்டுச் சேட்டு வீட்டுப் பெயர்கள்.

ஒருநாள் காலை நான் போனபோது வீட்டுக்காரர் தறியை நிறுத்தாமலே கத்தினார்.

"சார், பேரு கெடைச்சிடுச்சி!"

டிவியில் மீசைக்காரர் திறந்த காரில் நின்றபடி போய்க்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் நாடா இருந்த கையாலேயே அவரைக் காட்டினார். ஜோசியர் கேட்ட எழுத்தில்தான் தொடங்குகிறது.

நான் சிரித்தேன். அவருடைய மனைவியும் சிரித்தார். "இன்னிக்கி டீக்கடைல யாரோ நல்லா ஏத்தி வுட்டிருக்காங்க" என்றார் அவர்.

"யாரும் ஏத்தல. பேர சொன்னாலே ஒரு பயம் வரணும் சார். ஸ்கூல்ல ஒருத்தன் இவன் மேல கை வெப்பானா? நாளைக்கி முதலாளின்னு எவனாவது இவன நிக்க வெச்சி பேசுவானா?"

அப்போது அவருக்குப் போன் வந்தது. குழியிலிருந்து ஏறி, லுங்கியை இறக்கிவிட்டார்.

விளையாட்டில்லை என்பது அடுத்த சில நாட்களில் தெரிந்தது. பெயர் சூட்டும் நாள் குறித்தாயிற்று. தெருமுனையில் கட்டுவதற்கு ப்ளெக்ஸ் பேனர் அடிக்கக் கொடுத்தாயிற்று. ஆட்டோக்காரர்தான் வடிவமைப்பு. நடுவில் குழந்தை, பக்கத்தில் சீருடையில் மீசைக்காரர், குழந்தையை ஆசீர்வதிப்பதுபோலக் கையை நீட்டிக்கொண்டு. மேலே 'உலகை ஆள வந்த சிங்கமே' என்ற வரி. கீழே வாழ்த்துபவர்கள் வரிசையில் கூலிங்கிளாஸ் போட்ட ஆட்டோக்காரரின் படம், மீசைக்காரரின் படத்தைவிடக் கொஞ்சம்தான் சின்னது.

வீட்டுக்கார அம்மா சிரிப்பதை நிறுத்தியிருந்தார். ஒருநாள் நான் மோட்டார் போடச் சொல்லி நின்றபோது, நூல் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"சார், அந்த ஆளு எப்டி செத்தான்?"

"அது இன்னும் வரலைம்மா. கடைசியில் வரும்."

"நல்ல சாவா?"

"இல்லை."

கணவர் எதிரே தறி போட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் பேசியது அவருக்குக் கேட்டிருக்காது.

பிறகு வதைமுகாம்களைப் பற்றிய பகுதி வந்தது.

மாலையில் டீக்கடையில் போட்டார்கள். விளம்பர இடைவேளைக்கு முன்பே டீ மாஸ்டர் கிரிக்கெட்டுக்கு மாற்றிவிட்டார். யாரும் ஆட்சேபிக்கவில்லை. "இன்னிக்கி சண்டையே இல்ல சார், ஒரே அழுகாச்சி" என்று ஆட்டோக்காரர் எனக்கு விளக்கினார். டியூஷன் ஆசிரியர் டம்ளரை வைத்துவிட்டு, "இதெல்லாம் ஜெயிச்சவன் எழுதின சரித்திரம்பா" என்றார். அதுவரை டாங்கிகளும் விமானங்களும் பிடிபட்ட நகரங்களும் அதே தொடரில்தான் வந்தன. அவற்றை யார் எழுதியது என்று அவர் கேட்டதில்லை.

மறுநாள் காலை நான் கீழே போனபோது தறி ஓடிக்கொண்டிருந்தது. டிவியில் மூக்குக்கண்ணாடிகளின் குவியல்.

"வாங்க சார், வாங்க. இதப் பாருங்க." வீட்டுக்காரர் சத்தத்துக்கு மேலே கத்தினார். "மூக்குக்கண்ணாடி! மலையாட்டம். அந்தக் காலத்துலயே ஜனங்களுக்கு இலவசமா குடுத்திருக்காரு பாருங்க."

நான் பதில் சொல்வதற்குள் படம் மாறியது. செருப்புகள். பூட்ஸ்கள். அறையின் கூரைவரை.

"யப்பா! செருப்பே இவ்ளோன்னா கூட்டம் எவ்ளோ இருக்கும்? கருட சேவைக்குக்கூட நம்ம கோயில் வாசல்ல இவ்ளோ சேராது சார். ஒரு நெரிசல் இல்ல, ஒரு சண்டை இல்ல. எல்லாம் கழட்டி வெச்சிட்டு வரிசையா உள்ள போயிருக்கான் பாருங்க. ஒழுங்கு!"

வரிசையாக உள்ளே போனார்கள் என்பது உண்மைதான்.

அடுத்து முடி. கட்டுக்கட்டாக, சடை பின்னியது பின்னியபடியே. அதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. "அங்கயும் மொட்டை போடுற வேண்டுதல் இருக்குது போல. நம்ம திருத்தணி மாதிரி."

சுவரோரம் நூல் மோட்டாரின் சத்தம் நின்றது.

"தறிய நிறுத்துங்க" என்றார் மனைவி.

"இன்னா?"

"தறிய நிறுத்துங்கன்னு சொன்னேன்."

அவர் நிறுத்தினார். அந்த அறையில் அன்றுதான் முதல் தடவையாக அந்தத் தொடரின் படமும் குரலும் சேர்ந்து வந்தன. காட்டு விலங்குக்காரரின் குரல் ஒரு வாக்கியம் சொல்லி முடித்தது. உடனே சிமெண்ட் விளம்பரம் வந்துவிட்டது.

"கழட்டி வெச்சிட்டுப் போவல அவங்க" என்றார் அந்த அம்மா. "கழட்ட சொன்னாங்க. குளிக்கப் போறீங்கன்னு சொல்லி துணியெல்லாம் அவுக்க சொல்லி, உள்ள தள்ளி கதவ சாத்தி, விஷப் புகைய வுட்டு கொன்னுட்டாங்களாம். பொம்பளைங்க முடிய வெட்டி மூட்டை கட்டி எடுத்துக்கினாங்களாம். குஞ்சு குளுவானக்கூட விடலையாம். சின்னச் சின்ன செருப்பு இருந்துச்சின்னு சொன்னானே, நீங்க பார்த்தீங்களா?"

அவர் டிவியைப் பார்த்தார். அதில் ஒரு யானை சுவரை முட்டிக்கொண்டிருந்தது, சுவர் இடியவில்லை.

"பார்க்கல" என்றார். பிறகு என்னிடம் திரும்பி, "நெஜமா சார்?"

"நிஜம்தான்."

"எத்தினி பேரு?"

"பல லட்சம்."

அவர் நாடாவைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் ஏதோ நடந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். நடந்ததை எழுதுகிறேன். அவர் சொன்னார்: "அவருக்குத் தெரியாம கீழ இருக்கறவங்க பண்ணியிருப்பாங்க சார்."

அவருடைய உலகம் அப்படித்தான் நடக்கிறது. புடவையில் குறை சொல்லிக் கூலியைப் பிடிப்பது கணக்குப்பிள்ளை, முதலாளி நல்லவர். முதலாளியும் கெட்டவர் என்று நினைத்துவிட்டால், தினமும் காலையில் குழிக்குள் இறங்க முடியாது.

"அப்ப அந்தக் கீழ இருக்கறவன் பேர வைங்களேன்" என்றார் மனைவி.

தறி மறுபடி ஓட ஆரம்பித்தது, முன்பைவிட வேகமாக.

அன்று சாயங்காலம் அந்த அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்தார். வாசற்படியிலேயே நின்றுகொண்டார்.

"நீங்க சொன்னா கேப்பாரு சார். பேப்பர்ல இருந்தவருன்னு உங்க மேல மரியாதை அவருக்கு. இவன நான் தெருவுல நின்னு அந்தப் பேர சொல்லி கூப்பிட முடியாது. கூப்பிடும்போதெல்லாம் அந்தச் சின்ன செருப்புதான் ஞாபகத்துக்கு வரும். நான் பார்க்கக்கூட இல்ல சார் அத. கேட்டதுக்கே இப்டி இருக்குது."

நான் கீழே போய்ப் பேசினேன். ஆவணங்கள் உண்டு, கொன்றவர்களே எழுதிவைத்த கணக்குகள் உண்டு, வழக்கு நடந்திருக்கிறது, அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள் என்றெல்லாம் சொன்னேன். மேலே இருந்தவருக்குத் தெரியாமல் ஜனங்களை ஏற்றிக்கொண்டு இத்தனை ரயில்கள் ஓடாது என்றும் சொன்னேன். வீட்டுக்காரர் மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டார். லுங்கியைக்கூட இறக்கிவிட்டிருந்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "ஜெயிச்சவன் எழுதினதுன்னு டியூஷன் சார் சொல்றாரே" என்றார். என் கட்டுரைகளுக்கும் வாசகர்கள் இப்படித்தான் நடந்துகொண்டார்கள். முழுதும் படித்துவிட்டு, அந்தத் தாளிலேயே பஜ்ஜி மடிப்பார்கள்.

"பேனரும் அடிச்சாச்சி சார்" என்றும் சொன்னார். அதுதான் உண்மையான காரணம் என்று எனக்குப் பட்டது.

அந்த அம்மா அத்தோடு விடவில்லை. பெயரைத் தேர்ந்தெடுப்பது யாராக இருந்தாலும், அதைக் குழந்தையின் காதில் மூன்று தடவை சொல்ல வேண்டியவள் குழந்தையின் அத்தை. வீட்டுக்காரருக்கு ஒரே அக்கா. சின்ன காஞ்சிபுரத்தில் இட்லிக்கடை நடத்துகிறார். கணவர் முதலாளி வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில் அந்த அம்மா குழந்தையோடு ஷேர் ஆட்டோ ஏறி நாத்தனாரைப் பார்க்கப் போனார். அங்கே நடந்ததைப் பிறகு அவரே என்னிடம் சொன்னார்.

புகை, கதவு, முடி, செருப்பு, எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டே நாத்தனார் கேட்டிருக்கிறார்.

"அதெல்லாம் பாவந்தாம்மா. எந்த ஊரோ, எந்தக் காலமோ. ஆனா அவன் ஆசையா வெக்கறான், நான் எப்டி வேணான்றது?"

"உங்களுக்கு அந்த ஆள தெரியாது அண்ணி. நெதமும் சாயங்காலம் டிவில வர்றானே, அந்த உலகப் போரு, அதுல வர்ற மீசைக்காரன்."

நாத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாராம்.

"இரு. என் சீரியல அரை மணி நேரம் தள்ளி வெச்சிட்டு அந்த நேரத்துல ஓட்டுறாங்களே, அந்தச் சண்டைப் படமா?"

"அதேதான் அண்ணி."

"மாவு அரைக்கிற நேரத்துல போய் வுழுது சீரியலு. கிரைண்டரு சத்தத்துல ஒரு எழவும் கேக்கல. ரெண்டு மாசமா கதையே புரியாம கெடக்கறேன். அவன் பேரா என் தம்பி புள்ளைக்கு?"

மீசைக்காரரின் மீது பல நாடுகள் போர் தொடுத்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. கடைசியாகச் சேர்ந்துகொண்டது சின்ன காஞ்சிபுரம்.

பெயர் சூட்டும் நாளன்று தெருமுனையில் பேனர் கட்டப்பட்டது. வந்தவர்கள் எல்லாரும் அதை வாசித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார்கள். ஒருவர்கூட முகம் சுளித்ததாக நான் பார்க்கவில்லை. குழந்தையின் போட்டோ நன்றாக விழுந்திருக்கிறது என்றார்கள். தறியின் மேல் வேட்டி போட்டு மூடியிருந்தது. உத்தரத்தில் தொட்டில் கட்டியிருந்தார்கள். டிவியில் மாலைத் தொடரை ஓடவிட வேண்டும் என்று ஆட்டோக்காரர் விரும்பினார், நேரம் ஒத்துவரவில்லை.

அத்தை கிழக்குப் பார்த்து உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டார். ஒரு வெற்றிலையைக் குழந்தையின் காதோரம் மறைப்பாகப் பிடித்து, குனிந்து, உதட்டை அசைத்தார். மூன்று தடவை. தாய்க்காரி தொட்டில் கயிற்றைப் பிடித்தபடி நின்றார். அந்த உதட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வீட்டுக்காரர் எழுந்து நின்று, நெஞ்சை நிமிர்த்தி, மீசைக்காரரின் பெயரை உரக்கச் சொன்னார். ஆட்டோக்காரர் விசிலடித்தார்.

"யாரு அது?" என்றார் அத்தை.

"இன்னாக்கா யாருன்ற? நீதானே இப்ப காதுல சொன்ன?"

"நான் அத சொல்லலையே."

"பின்ன?"

அத்தை சொன்னார். அது அவருடைய சீரியலின் கதாநாயகன் பெயர். பெண்கள் வரிசை முழுவதும் சிரித்தது. ஆண்களுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அக்கா! அவன் மாமியாகிட்டயும் அறை வாங்குறவன்க்கா! திருப்பி ஒரு வார்த்தை பேசமாட்டான்!"

"நீ எப்படா பார்த்த என் சீரியல?"

சபையில் இன்னும் பெரிய சிரிப்பு. வீட்டுக்காரர் வேறு பக்கமாக வந்தார். "ஜோசியர் சொன்ன எழுத்துக்கு இது ஒத்து வராதுக்கா."

"ஜோசியரு வந்து காதுல சொன்னாரா? நான் சொன்னனா?"

"மறுபடி சொல்லேன். இப்ப சரியா சொல்லு."

"காதுக்குள்ள போன பேர கிள்ளி வெளிய போடச் சொல்றியா? மூணு தடவ சொல்லியாச்சி. எல போடச் சொல்லுடா, ஜனங்க பசியா இருக்குது."

வீட்டுக்காரர் சபையைப் பார்த்தார். பேரைச் சொன்னாலே பயம் வர வேண்டும் என்று சொன்னவர். இப்போது அக்கா சொன்ன ஒரு பேருக்கு முன்னால் பயந்து நின்றுகொண்டிருந்தார். உதவிக்கு டியூஷன் ஆசிரியரைத் தேடினார். ஆசிரியர் ஏற்கெனவே பந்தியில் முதல் இலையைப் பிடித்திருந்தார். இலை போடப்பட்டது. ஒரு பெயரை வாசித்துவிட்டு உள்ளே வந்தவர்கள், வேறொரு பெயரை வாழ்த்திவிட்டு, அதே பேனருக்குக் கீழே நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு அந்த அம்மாவிடம் கேட்டேன், இந்தப் பெயர் பிடித்திருக்கிறதா என்று.

"அவன் யாரையும் கொல்லலையே சார்" என்றார். பிறகு, "நான் ஒரு பேரு நெனச்சி வெச்சிருந்தேன்."

"என்ன பெயர்?"

"அது எதுக்கு இப்ப? அந்தப் பேரு இல்ல, அது போதும்."

அவர் நினைத்திருந்த பெயரை அந்த ஐந்து மாதத்தில் யாரும் கேட்டிருக்கவில்லை. கணவர் கேட்கவில்லை, ஜோசியர் கேட்கவில்லை, நாத்தனாரும் கேட்கவில்லை. நானும் எல்லாம் முடிந்த பிறகுதான் கேட்டேன்.

மறுநாளிலிருந்து அவர் பையனை முழுப் பெயர் சொல்லியே கூப்பிட்டார். பால் கொடுக்கும்போது, குளிப்பாட்டும்போது, தூங்குகிறவனைப் பார்த்துக்கூட. தெருவில் காய்கறி வாங்கினால், காய்காரரிடம் குழந்தையை அந்தப் பெயரால் அறிமுகம் செய்தார். பெயர் பழகிவிட வேண்டும். நகராட்சிக்குப் போய்ப் பதிவு செய்வதற்குள் வீட்டுக்காரர் மனம் மாறினாலும் ஊர் மாறாத அளவுக்குப் பழகிவிட வேண்டும். அதற்கான வேலையை அவர் தினமும் செய்தார்.

வீட்டுக்காரர் ஒத்துழைக்க மறுத்தார். மகனை 'டேய்' என்றார், 'இந்தா' என்றார், விரலைச் சொடுக்கினார். மனைவி பெயரைச் சொல்லும்போதெல்லாம் தறியை ஓங்கி அடித்தார். நெசவு நெருக்கமாக வருகிறது என்று முதலாளி போனில் பாராட்டியதாகக் கேள்வி.

ஒரு காலையில் மோட்டார் போடச் சொல்லலாம் என்று படி இறங்கினேன். அந்த அம்மா மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கீழே தறியில் ஒரு இழை அறுந்திருந்தது. வீட்டுக்காரர் இரண்டு கையாலும் நூலைப் பிடித்து முடிந்துகொண்டிருந்தார். விட்டால் தேட வேண்டிவரும். தொட்டிலில் குழந்தை வீறிட்டது.

"டேய்" என்றார். அழுகை நிற்கவில்லை. "டேய், டேய். இந்தா பாரு." நாக்கைச் சொடுக்கிப் பார்த்தார். இன்னும் பலமாக அழுதது.

அவர் வாசலைப் பார்த்தார், அடுக்களைப் பக்கம் பார்த்தார். படியில் நின்ற என்னைப் பார்க்கவில்லை. பிறகு தணிந்த குரலில், ஒரே ஒரு தடவை, அக்கா வைத்த பெயரைச் சொன்னார்.

குழந்தை அழுகையை நிறுத்தி அவர் பக்கம் தலையைத் திருப்பியது. பெயருக்குத் திரும்பியதா, அப்பாவின் குரலுக்குத் திரும்பியதா என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. அவர் நூலை விடாமல் மறுபடியும் கூப்பிட்டார். இந்தத் தடவை மொட்டைமாடியில் துணி காயப்போட்டவருக்கும் கேட்டிருக்கும்.